நிலத்துட் கிடைக்கும் ஈயக்கட்டியும் எடைக்கல்லும்

அளவை என்னும் சொல் தமிழில் இருபொருள் பயப்பது. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்னும் நால்வகையானும் பொருள்களை வரையறுப்பது ஓர் அளவை. மெய்யும் பொய்யும் விரவிக் கிடக்குமிடத்து மெய்யைப் பிரித்துக் கொள்ளும் கருவியாவது பிறிதோர் அளவை. முன்னையதனை வணிகரும் பின்னையதனைத் தருக்கநூலாரும் சித்தாந்தநூலாரும் ஆள்வர். எடைக்கல் என்பது முன்னைய அளவைக்குரிய கருவி. அஃது ஆயிரம் ஆண்டு மண்ணுள் மறைந்து கிடந்து வெளிப்படுங்கால், அதனை எடைக்கல்லென்று அறிதற்குப் பின்னைய அளவையே துணையாதல் வேண்டும். இவ்வுண்மையை மறந்து, கண்டவுடன் பெயரிட்டுவிடுவதே பழம்பொருளாராய்ச்சியில் நேரும் பிழைகளுக்கெல்லாம் முதலாகும்.

கொங்குநாட்டில் இவ்வாராய்ச்சிக்கு இடம் மிகுதியும் உண்டு. இக்காலத்தில் பின்னலாடைத் தொழிலாற் பெயர்பெற்று விளங்கும் திருப்பூரைக் கடந்து கிழக்கே ஓடும் நொய்யலாற்றின் வடகரையில், ஈரோடு மாவட்டப் பெருந்துறை வட்டத்தில், கொடுமணல் என்னும் சிற்றூர் உளது. பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்திலும் எட்டாம் பத்திலும் கொடுமணம் எனப் போற்றப்படும் ஊர் இதுவேயென்று அறிஞர் துணிவர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் 1990 வரையில் இடையிட்டும், புதுவைப் பல்கலைக்கழகத்தார் 2012, 2013ஆம் ஆண்டுகளிலும் இங்கு அகழ்ந்தனர். இரும்புருக்கிய உலைகளும், பல்வகை மணிகளைப் பட்டை தீட்டித் துளையிட்ட பட்டறைகளும், நூல் நூற்கும் சுடுமண் தக்களிகளும், தமிழெழுத்துப் பொறித்த பானையோடுகள் பலவும் அங்கே வெளிப்பட்டன. அவ்வோடுகளுள் ஒன்றில் வணிகர் குழுவைக் குறிக்கும் நிகமம் என்னும் சொல்லும் காணப்படுகின்றது. மணிகளுள் ஒன்றாகிய நீலப்பச்சைக் கல் காங்கேயத்தை அடுத்த படியூரில் தோண்டியெடுக்கப்பட்டது. மணியும் இரும்பும் நூலும் விற்கப்பட்ட ஊரில் துலாக்கோலும் கல்லும் இல்லாதிருத்தல் இயலாது. ஆதலின் இந்நிலத்தில் ஏரிடத்தும், கிணற்றிடத்தும், ஆலைக்குக் கடைகால் தோண்டுமிடத்தும் கனத்ததோர் ஈயக்கட்டி வெளிப்படின், அதனைச் சங்ககாலத்து எடைக்கல்லென்று சொல்ல நா முந்துதல் இயல்பே. அச்சொல் மெய்யாதற்கு என்ன வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

அளவைகளைப் பலவாக விரித்தெண்ணினாரும் உளர். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரில் அவற்றையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குவர். அம்முறையே ஈண்டும் பின்பற்றற்பாலது.

காட்சி

காட்சியென்பது கண்ணாற் காண்டல் மட்டுமன்று. ஐயமும் திரிபும் நீங்கக் காண்டலாம். குற்றியோ மகனோ எனத் துணிவின்றி நிற்பது ஐயம். இப்பியை வெள்ளியென்று கொள்வது திரிபு. மண்ணிற் கிடைத்த ஈயத்தின்கண் இவ்விரண்டும் நிகழும். ஈயம் நெடுநாள் மண்ணுட் கிடந்தால் அதன்மேல் வெண்மையும் சாம்பலுமான மாசு சுண்ணப்பூச்சுப் போலப் படியும். அதனைக் கண்டோர் சிலர் கல்லென்று எறிவர். சிலர் சுரண்டிப்பார்த்து உள்ளே மின்னுதல் கண்டு வெள்ளியென்று மகிழ்வர்.

இத்திரிபை நீக்கும் வழி எளிது. பொருளை முதலில் வெளியே நிறுத்துப் பின்னர் நூலிற் கட்டி நீருள் முழுகத் தொங்கவிட்டு நிறுத்தால், நீருட் குறைந்த நிறை அப்பொருளின் பருமனுக்கொத்த நீரின் நிறையாகும். முதல் நிறையை அதனால் வகுக்க வருவது அப்பொருளின் அடர்த்தி. ஈயம் தன் பருமனளவான நீரினும் ஏறத்தாழ 11.3 மடங்கு கனமுடையது. வெள்ளி 10.5 மடங்கும், செம்பு 8.9 மடங்கும், இரும்பு 7.9 மடங்கும், வெள்ளீயம் 7.3 மடங்கும் ஆவன. மாசுபடிந்த கட்டியில் இவ்வெண் சிறிது குறையுமாயினும் ஈயத்தையும் இரும்பையும் மயங்கவிடாது. சுரண்டாமலும் புளியிட்டுத் தேய்க்காமலும் பொருளினியல்பை அறிதற்கு இதுவே சிறந்தது. சுரண்டிய ஈயத்தில் எழுத்தும் பொறியும் அழியும், நிறையும் குறையும், நஞ்சாகிய ஈயத்தூளும் கையிற் படியும்.

உலோகம் ஈயமென்று அறிந்தமட்டில் காட்சியின் தொழில் முடிந்துவிடாது. ஈயமாதல் பல பொருள்கட்கும் பொதுவியல்பு. எடைக்கல்லாதல் அவற்றுள் ஒன்றற்கேயுரிய தன்னியல்பு. பொதுவியல்பைக் கண்டு தன்னியல்பைக் கண்டதாகக் கொள்வதே ஈண்டு நிகழும் பெரும்பிழை. ஆதலின் வடிவு, அடிப்பகுதி, துளை, மடிப்பு, அச்சுப்பொறி, கிடந்த ஆழம், உடன்கிடந்த பொருள் என்பனவெல்லாம் எடுத்த இடத்திலேயே குறித்துக்கொள்ளப்படல் வேண்டும்.

கருதல்

காணப்பட்ட ஏதுவினாற் காணப்படாததை உணர்தல் கருதல். ஏது இயல்பு, காரியம், அநுபலத்தி என மூவகைப்படும்.

இயல்பேதுவால் நோக்குமிடத்து, எடைக்கல் தராசுத்தட்டில் உருளாது நிற்றற்குரியது. ஆதலின் தட்டையான அடியேனும் பக்கமேனும் அதற்கு வேண்டும். உருண்டையான ஈயம் கொங்குநாட்டில் கிடைக்குமாயின் முதலில் நினைக்கத்தக்கது துப்பாக்கிக் குண்டாகும். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இந்நாடு கும்பினியார் கைப்பட்டது. அதனை எதிர்த்துத் தீரன் சின்னமலை சென்னிமலைக்கு அணித்தான அறச்சலூர், ஓடாநிலைப் பக்கங்களிற் பொருது 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டான். அக்காலத்து ஆங்கிலக் காலாட்படையின் பெருந்துப்பாக்கிக் குண்டு ஓர் இராத்தலுக்குப் பதினான்கு என்னும் அளவில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 31 அல்லது 32 கிராம் நிறையுடையது. சென்னை மாகாணத்து வழங்கிய பலம் 3 தோலா; அஃதாவது 35 கிராம். இவ்விரண்டற்கும் உள்ள வேறுபாடு மூன்று நான்கு கிராமே. நிறையொன்றையே கொண்டு துணிவான் ஒருவன் குண்டினைத் தேய்ந்த பலக்கல் என்று சொல்லிவிடுதல் கூடும். உருளும் வடிவே அவனைத் தடுப்பது.

காரியவேது, பொருளின்மேற் காணப்படும் தொழிலடையாளத்தால் அதன் பயனை உணர்த்துவது. நடுவில் துளையும் அத்துளையின் ஒருபக்கத்தே கயிற்றுத் தேய்வும் உடையதாயின், வலையை நீருள் ஆழ்த்திய குண்டாதல், தறியில் நூலை இறுக்கித் தாழ்த்திய பாரமாதல், கொத்தர் சுவர்நேர் பார்த்த தூக்குக்குண்டாதல் கூடும். இரண்டு சிறு வட்டங்கள் ஒன்றோடொன்று நசுக்கி மடிக்கப்பட்டு இடையே நூல் சென்ற தடமிருப்பின், அது துணிப்பொதியிற் கட்டிய ஈயமுத்திரை. நான்காகப் பகுக்கப்பட்ட நெஞ்சுவடிவும், அதன்மேல் நான்கு என்னும் எண்போன்ற குறியும், உள்ளே நான்கு ஆங்கில எழுத்தும் காணப்படின், அது கிழக்கிந்தியக் கும்பினியின் பொதிக்குறி. நெசவு மிக்க நாட்டில் இத்தகைய முத்திரைகளை நினையாமல் ஈயவில்லைகளை ஆராய்தல் தகாது. ஒருபுறம் அரசு முத்திரையும் மறுபுறம் கரடுமான சிறு ஈயவட்டமாயின், இரும்புப் படிக்கல்லின் குழியில் நிறையைச் சரிசெய்தற்கு உருக்கி வார்த்த ஈயம் கழன்று வீழ்ந்ததாதலும் கூடும். இஃது எடைக்கல்லோடு தொடர்புடையதேயாயினும் எடைக்கல்லன்று.

அநுபலத்தியாவது, இருக்கவேண்டியது காணப்படாமையால் ஒன்றன் இன்மையை உணர்தல். துளையின்மையால் வலைக்குண்டன்று, மடிப்பின்மையால் முத்திரையன்று, வார்ப்பச்சின் உருவமும் எழுத்தும் இன்மையால் காசன்று என இங்ஙனம் ஒவ்வொன்றாக நீக்கியபின் எஞ்சுவதே எடைக்கல் என்னும் பெயர்க்கு உரிமை கொண்டாடலாம். ஆயின் மாசுபடிந்த பொருளில் இவ்வேது பெரிதும் விழிப்போடு ஆளற்பாலது. எழுத்து மாசின்கீழ் மறைந்து கிடப்பதும் உண்டாகலின் என்க.

இங்ஙனம் எஞ்சியதும் தனித்து நிற்குமாயின் உறுதி பெறாது. எடைக்கல்லின் தன்னியல்பு பிறிதோர் எடைக்கல்லோடு தொடர்புடைமையே. மொகஞ்சதாரோவிற் கிடைத்த சதுரக்கற்களை எடைக்கற்களென்று உலகம் ஒப்புக்கொண்டது அவற்றின் அழகைக் கண்டன்று. ஹெம்மி என்பார் அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்து, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என இரட்டித்துச் செல்லும் வரிசையைக் காட்டினார். 1931இல் வெளிவந்த மார்ஷலின் பெருநூலில் அவ்வாராய்ச்சி இடம்பெற்றது. அவற்றுள் மிகுதியாய்க் கிடைத்த கல் ஏறத்தாழ 13.6 கிராம் நிறையினது. வரிசையே சான்று, தனிக்கல் சான்றன்று.

தமிழ்நாட்டுக் கீழடியிலும் இம்முறை பயன்படுகின்றது. 2020இல் அங்கு நடந்த ஆறாம் கட்ட அகழாய்வில் கருங்கல்லாலான நான்கு எடைக்கற்கள் 8, 18, 150, 300 கிராம் நிறையுடையனவாய்க் கிடைத்தன. அவை உருளைவடிவும் தட்டையான அடியும் உடையன. 2023இல் ஒன்பதாம் கட்டத்தில் 175 சென்டிமீட்டர் ஆழத்தில் பளிங்காலான சிறுகல் ஒன்று கிடைத்தது. அது மேலும் கீழும் தட்டையாகத் தேய்க்கப்பட்டது. அதன் நிறையும் 8 கிராம். வேறு வேறு பொருளாலாய இரண்டு கற்கள், மூன்றாண்டு இடையிட்டு வெவ்வேறு குழியில் வெளிப்பட்டு, ஒரே நிறையில் நிற்றல் தற்செயலென்று தள்ளற்பாலதன்று. 150உம் 300உம் ஒன்றுக்கு இரண்டாய் இயைதலும் கருதத்தக்கது. ஆயினும் 8உம் 18உம் ஒருவரிசைக்கண் எளிதில் அமைவன அல்ல. ஆகவே, எடைக்கற்கள் என்று துணிதற்கு இச்சான்று போதும். எடைமுறை முழுவதையும் வகுத்தற்குப் போதாது. சான்று செல்லுமளவிற்கே முடிபும் செல்லுதல் வேண்டும்.

நிறையை ஒப்புநோக்குவார் பிறிதொன்றையும் மறத்தல் ஆகாது. குன்றிமணி இரண்டு கொண்டது மஞ்சாடி. மஞ்சாடி இருபது கொண்டது கழஞ்சு. மஞ்சாடி ஏறத்தாழக் கால் கிராமாகலின் கழஞ்சு ஏறத்தாழ ஐந்து கிராமாகும். விதையை அடியாகக் கொண்ட இவ்வளவு ஊர்தோறும் சிறிது சிறிது வேறுபட்டது. பிற்காலத்தே 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என வழங்கியது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் 1962க்குள் கிராமும் கிலோகிராமும் நாடெங்கும் வழங்கலாயின. எண்கள் இத்துணைப் பலவாயிருத்தலின், எந்தக் கட்டியையும் ஏதேனும் ஓர் அளவோடு பொருத்திக் காட்டுதல் அரிதன்று. அதனாலேயே பொருத்தம் ஒன்றே சான்றாகாது. கிடந்த மண்ணடுக்கும் உடன்கிடந்த பொருளும் காலத்தை வரையறுத்தபின்னரே எந்த அளவோடு ஒப்பிடுவது என்பது முடிவுபெறும்.

உரை

உரையளவை ஈண்டு இருவகையாக வருகின்றது. பொருளின்மேற் பொறித்த எழுத்து ஒன்று; நூலும் கல்வெட்டும் மற்றொன்று.

பொருளே தன் பெயர் கூறுமாயின் ஐயம் பெரும்பாலும் நீங்கும். செங்கத்தை அடுத்த ஆண்டிப்பட்டியில் ஈயவில்லைகள் புதையலாகக் கிடைத்தன. சேந்தன் என முடியும் பெயர் தமிழெழுத்தில் வார்க்கப்பட்டிருந்தமையால் அவை காசுகள் என்பது தெளிவாயிற்று, அறிஞர் இரா. நாகசாமி அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். ஈழத்தின் தென்கோடியில் திசமகாராமையை அடுத்த அகுருகொடையிற் கிடைத்த சிறு ஈயவில்லைகளை ஓசுமண்டு போபேராச்சியும் இராசா விக்கிரமசிங்கரும் 1999இல் வெளியிட்டனர். அவற்றுட் சிலவற்றில் உள்ளவை தமிழ்ப்பெயர்கள் என்பதை ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். எழுத்தின்றேல் இவையெல்லாம் பெயரில்லா ஈயத்துண்டுகளாய் உருக்கப்பட்டிருக்கும்.

தாய்லாந்தின் தென்பகுதியில் குவான் லுக் பாத் என்னுமிடத்திற் கிடைத்த சிறுகல் ஒன்று இதனினும் சிறந்த படிப்பினை தருவது. அதன்மேல் ‘பெரும்பதன் கல்’ என்று கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டுத் தமிழெழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. கல் என்னும் சொல் எடைக்கல்லுக்கும் பொன்னுரைக்கும் கட்டளைக்கல்லுக்கும் பொதுவானது. வடிவைக் கண்ட அறிஞர் அதனைப் பெரும்பத்தன் என்னும் பொற்கொல்லனது கட்டளைக்கல் என்று துணிந்தனர். எழுத்து உடையவன் பெயரைத் தந்தது. பொருளின் தொழிலைக் கருதலே தந்தது. உரையும் கருதலின் துணை வேண்டி நிற்குமிடம் இது.

இனி, நூலுரையை நோக்குவோம். கௌடிலியர் அர்த்தசாத்திரத்தில் எடைக்கற்கள் இரும்பாலேனும், மகதம் மேகலம் என்னும் நாட்டுக் கற்களாலேனும், நீராற் கூடாததும் வெப்பத்தாற் குறையாததுமான பிற பொருளாலேனும் ஆக்கப்படல் வேண்டுமென்று விதித்தார். ஈயமோ நகத்தாற் கீறப்படுவது; சிறு தீயில் உருகுவது; கத்தியாற் சிறிது சீவினால் வணிகன் வஞ்சத்திற்கு உதவுவது. தமிழர் வழக்கும் இதற்கு இயைந்ததே. இரும்பாலும் பித்தளையாலும் வார்த்தவற்றையும் எடைக்கல், படிக்கல் என்றே வழங்குதல், இந்நாட்டு எடைக்கருவி முதலிற் கல்லேயென்பதைக் காட்டும்.

அற்றேல், ஈயத்தில் எடைக்கல் இல்லையோவெனின், உண்டு. கிரேக்கரும் உரோமரும் ஈயத்தை மிகுதியும் ஆண்டனர். ஏதென்சு நகரத்து அங்காடியிற் கிடைத்த அரசு எடைக்கற்கள் பல ஈயத்தாலாயவை. ஆமை, ஓங்கில் முதலிய உருவங்களை அவற்றின்மேற் பொறித்து இன்ன நிறை என்பதைக் காட்டினர். பொறி சிதைந்தால் சீவியது வெளிப்படும். உலோகத்தின் குற்றத்தை முத்திரையாற் காத்த முறை இது.

அந்நாட்டு ஈயம் தமிழகத்துக்கு வந்தமைக்கும் உரையுண்டு. எரித்திரையக் கடற்பெரும்பயணம் என்னும் கிரேக்க நூல் முசிறி முதலிய துறைகளில் இறக்குமதியானவற்றுள் செம்பு, வெள்ளீயம், ஈயம் என்பவற்றை எண்ணுகின்றது. முசிறியிலிருந்து பாலைக்காட்டுக் கணவாய் வழியாகக் கருவூர் செல்லும் பெருவழிக்கண் கொடுமணல் உளது. உரோமாபுரிப் பிளினியோ, இந்தியாவிற்குச் செம்பும் ஈயமும் இல்லை, மணியும் முத்தும் கொடுத்தே அவற்றைப் பெறுகின்றது என்று எழுதிவைத்தார். கொங்குமணிக்கு விலையாக ஈயம் வந்தது என்பதற்கு இவ்வுரை துணையாகலாம். ஆயின் முழுதும் கொள்ளத்தக்கதன்று. இராசத்தானத்துச் சாவரில் பிளினிக்குப் பன்னூறாண்டு முன்னரே ஈயச்சுரங்கம் நடந்தமை அகழாய்வாலும் காலக்கணிப்பாலும் நிறுவப்பட்டுள்ளது. பழமையொன்றே உரையை மெய்யாக்காது. ஈயத்தினுள் விரவிய ஓரிடத்தனிமங்களின் விகிதத்தை அளந்து அஃது எந்தச் சுரங்கத்துப் பிறந்தது என்று ஆராயும் முறை இக்காலத்து உண்டு. அம்முறை பிளினியின் சொல்லையும் சோதிக்கும். ஈயக்கட்டியின் பிறப்பையும் உணர்த்தும்.

திருக்கோயிலும் நிறையும்

இத்துணை நுணுகி ஆராய்ந்து ஆவதென்னை என்பார்க்குத் தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள் விடை கூறும். முதலாம் இராசராசன் அளித்த பொன் ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது. மணியிழைத்த அணிகள் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டன. நெல்லளந்த மரக்காலும் ஆடவல்லான் என்னும் பெயரினதே. அணிகளை நிறுக்குங்கால் சரடும் சட்டமும் செப்பாணியும் நீக்கி நிறுத்தமை தனித்து எழுதப்பட்டுள்ளது. கி.பி. 1010இல், தன் 25ஆம் ஆட்சியாண்டில், விமானத்தின்மேல் வைக்க அரசன் தந்த செப்புக்குடம் 3083 பலம் என்றும், அதன்மேற் போர்த்த பொன் 2926½ கழஞ்சு என்றும் வரைந்தனர். அரைக்கழஞ்சும் விடுபடவில்லை.

எடைக்கல்லுக்கு இறைவன் பெயரிட்டது பத்திமிகுதியால் மட்டுமன்று. குடிஞைக்கல் முதலாகப் பல கற்கள் வழங்கிய காலத்தில், இன்ன கல்லால் என்று கூறாவிடின் நூறு கழஞ்சு என்பது பொருளற்ற சொல்லாகும். கல்லைக் கூறியமையின் கொடுத்தவனும், காத்தவனும், பின்வந்து கணக்குக் கேட்பவனும் ஒரே அளவிற்குக் கட்டுப்பட்டனர். ஆடவல்லான் பெயர் தாங்கிய கல்லைக் குறைப்பவன் அரசனை மட்டுமன்றி ஆண்டவனையும் வஞ்சித்தவனாவான் என்னும் அச்சமும் உடன்நின்றது.

துணி வணிகம் செய்த அமர்நீதி நாயனார் வரலாற்றைச் சேக்கிழார் துலையின்மேலேயே வைத்து முடித்ததும் கருதத்தக்கது. காணாமற்போன கோவணத்துக்கு நேராக நாயனார் இட்ட பட்டும் பொன்னும் பிறவும் தட்டைச் சமன்செய்யவில்லை. தாமும் மனைவியாரும் மகனாரும் ஏறியபின்னரே துலை நேர்நின்றது. கொங்குநாட்டுத் திருமுருகன்பூண்டியில் சுந்தரமூர்த்தி நாயனார் பறிகொடுத்து மீண்டும் பெற்ற நிதி, சேரமான் பெருமாள் அளித்து இந்நாட்டு வழியே வந்த பொருளாகும். துணியும் பொன்னும் துலையும் வழியும் இங்ஙனம் அடியார் வரலாற்றோடு பின்னிக் கிடக்குமாகலின், அவற்றின் எச்சங்களை ஆராய்தல் சைவநன்மக்கட்குப் புறம்பான தொழிலன்று.

துணிபு

மேற்கூறியவாற்றாற் போந்த முடிபு வருமாறு. கொங்குமண்ணிற் கிடைக்கும் ஈயக்கட்டி குண்டோ, முத்திரையோ, வலைப்பாரமோ, காசோ என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து நீக்கியபின்னரே எடைக்கல் என்னும் பெயர் பெறத்தகும். அப்பொழுதும் அதனோடு இயைந்த பிறிதொரு கல்லேனும், அதன்மேற் பொறித்த குறியேனும், காலம் காட்டும் மண்ணடுக்கேனும் துணைநின்றாலன்றி அப்பெயர் நிலைபெறாது. மாசின் கனமும் தேய்வின் குறைவும் நிறையை மாற்றுமாதலின், நிறுத்த எண்ணை ஒரு புள்ளியாகக் கொள்ளாது ஓர் எல்லையாகவே கொள்ளல் வேண்டும்.

இத்தகைய பொருளைக் கண்டெடுப்பார் அதனை உருக்காமலும் தேய்க்காமலும், கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, உடன்கிடந்த ஓட்டையும் மணியையும் பிரிக்காமல், உரிய அலுவலர்க்கு அறிவித்தல் கடன். மண்ணுள் மறைந்த பொருளை மாவட்ட ஆட்சியர்க்குத் தெரிவித்தல் 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தாலும் விதிக்கப்பட்டது. இடத்தினின்றும் பிரிந்த கட்டிக்கு உலோகத்தின் விலையுண்டு. வரலாற்றின் விலை பெரும்பகுதியும் போய்விடும்.

ஈயத்தைப் பொன்னென்று விற்பவன் வணிகத்திற் பொய்த்தவனாவான். துப்பாக்கிக் குண்டைச் சங்ககாலத்து எடைக்கல்லென்று எழுதுபவன் அறிவிற் பொய்த்தவனாவான். முன்னோர் அரைக்கழஞ்சையும் விடாது கல்லில் வெட்டிவைத்தனர். அவர்தம் கல்லை ஆராய்வாரும் அந்நேர்மையோடு ஆராய்தலே அவர்க்குச் செய்யும் கைம்மாறாகும்.